காதல், வீட்டுத் துக்கம், விடுதலை: புத்தகம் எடுக்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் முன்பு தறி ஓடியது. தறி போன பிறகு அந்த இடத்தில் இரண்டு இரும்பு அலமாரி வைத்துப் புத்தகம் அடுக்கினேன். யார் வேண்டுமானாலும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து படித்ததைப் பேசுகிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை ஏற்காட்டுக்கு பஸ் ஏறி, அங்கே காபித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து படிக்கிறோம்.

நோட்டைப் புரட்டினால் அதிகம் வெளியே போயிருப்பது மூன்று வகைப் புத்தகங்கள்தான்: வீடு ஒப்புக்கொள்ளாத காதல், வீட்டுக்குள் விழுந்த சாவு, விடுதலைக்கான போராட்டம். அவற்றைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்கள் பேச்சிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

அக்கா, பாடப் புத்தகம் தவிர எதுவும் படிச்சதில்லை. முதல்ல எதை எடுக்கறது?

இமையத்தின் 'பெத்தவன்'. மெல்லிய புத்தகம், நெடுங்கதைதான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் படுப்பதற்குள் முடித்துவிடலாம். தாழ்த்தப்பட்ட சாதிப் பையனைக் காதலித்த மகளைக் கொன்றுவிடச் சொல்லி ஊர்ப் பஞ்சாயத்து பெற்ற அப்பாவிடமே சொல்கிறது. விடிவதற்குள் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கதை. பேச்சு மொழியிலேயே ஓடுவதால் புதிதாகப் படிக்கிறவர்களுக்குத் தடங்கல் இருக்காது.

இது வந்தது 2012இல். அதே வருஷம் நவம்பர் 7ஆம் தேதி, நமக்குப் பக்கத்து மாவட்டமான தருமபுரியில், ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டி நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று ஊர்களில் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். கதை முதலில் வந்தது, தீ பின்னால் வந்தது. இதைத் தெரிந்துகொண்டு படித்தால் புத்தகம் வேறு மாதிரி கனக்கும்.

விலக்கப்பட்ட காதல்னா சாதி மாறிக் கல்யாணம் பண்றது மட்டும்தானா?

நம் பக்கம் அதுதான் முதலில் நினைவுக்கு வரும், ஆனால் அது மட்டும் இல்லை. தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளில் பாபுவுக்கும் யமுனாவுக்கும் நடுவில் நிற்பது பத்து வயது வித்தியாசம். பெண்தான் மூத்தவள். கும்பகோணத்துச் சங்கீதமும் காவிரியும் நிறைந்த நாவல். மெதுவாகப் போகும், பொறுமை வேண்டும். அவரே எழுதிய 'அம்மா வந்தா'ளில் வேதபாடசாலையில் வளர்ந்த அப்பு மேல் இந்து என்ற இளம் விதவை ஆசை வைக்கிறாள். ஆனால் அந்த நாவலில் உண்மையாகவே விலக்கப்பட்ட காதல் அப்புவின் அம்மா அலங்காரத்தம்மாளுடையது. 1966இல் எழுதப்பட்டது. இன்றைக்கும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அலங்காரத்தம்மாள் பெயரை எடுத்தால் குரல் உயர்ந்துவிடுகிறது.

மலையாள நாட்டுக் கதை வேண்டும் என்றால் அருந்ததி ராயின் நாவல், ஜி. குப்புசாமி மொழிபெயர்ப்பில் 'சின்ன விஷயங்களின் கடவுள்'. 1997இல் புக்கர் பரிசு பெற்றது. யாரை நேசிக்கலாம், எவ்வளவு நேசிக்கலாம் என்று சட்டம் போட்டு வைத்திருக்கும் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். அந்தச் சட்டத்தை மீறுகிறவர்கள் அந்தக் குடும்பத்துப் பெண் அம்முவும், தாழ்த்தப்பட்ட சாதிக்காரன் வெளுத்தாவும். காலம் முன்னும் பின்னும் தாவும். முதல் ஐம்பது பக்கம் குழப்பினால் பயப்படாமல் தாண்டிப் போங்கள், பிறகு எல்லாம் வந்து சேரும்.

'பூக்குழி' நம்ம ஊர்ப் பக்கத்துக் கதைன்னு சொல்றாங்களே, நிஜமாங்க?

'பூக்குழி' எழுதிய பெருமாள்முருகன் திருச்செங்கோட்டுக்காரர். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை அதுவும் சேலம் மாவட்டம்தான். நாவலில் வரும் தோலூர், காட்டுப்பட்டி என்ற ஊர்ப் பெயர்களை வரைபடத்தில் தேட வேண்டாம். ஆனால் அந்த வெயிலும் பாறையும் 'ஏனுங்க' என்று இழுக்கும் பேச்சும் நம்முடையதுதான்.

சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன், சரோஜாவைக் கல்யாணம் செய்து ஊருக்குக் கூட்டி வருகிறான். கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறான். அந்த நம்பிக்கைதான் என்னை அதிகம் வாட்டியது. பாறை மேல் கட்டிய ஒற்றைக் குடிசை. அதைச் சுற்றி மாமியார் மாராயியின் ஒப்பாரி. மகன் உயிரோடு எதிரில் நிற்கும்போதே, செத்துப் போனவனுக்குப் பாடுவதைப் போலப் பாடுகிறாள். சரோஜா என்ன சாதி என்று புத்தகம் கடைசி வரை சொல்வதில்லை. ஊரே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது, வாசிக்கிற நாமும் ஒரு கட்டத்தில் அதையே தேட ஆரம்பித்துவிடுகிறோம். கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி, "நானும் தேடினேன்க்கா, தேடினது தெரிஞ்சதும் புத்தகத்தை மூடி வச்சிட்டேன்" என்றாள். அவள் அப்படிச் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தருமபுரியில் 2013 ஜூலையில் ரயில் தண்டவாளத்தருகே இறந்து கிடந்த இளைஞருக்கு ஆசிரியர் இந்த நாவலைச் சமர்ப்பித்திருக்கிறார். மேலே சொன்ன தீவைப்பும் அவருடைய கல்யாணத்தை வைத்து நடந்ததுதான். இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது.

எப்படிக்கா பெத்த தாயே இப்படிச் செய்வா? மாராயி மேல எனக்குக் கோபம் கோபமா வருது.

வரட்டும், எனக்கும் வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது வேறொன்று தெரிந்தது. மாராயி இளம் வயதிலேயே தாலியறுத்து, ஒற்றைப் பிள்ளையைத் தனியாக வளர்த்தவள். ஊர் ஒதுக்கிவிட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. அதனால் அவள் செய்வது நியாயமாகிவிடாது. அந்தக் கொடுமைக்கு அடியில் ஒரு பயம் இருக்கிறது, அதைப் பார்க்காமல் அவளைத் தாண்டிப் போக முடியாது.

நம் இலக்கியத்தில் இதே இடத்தில் நின்ற இன்னொரு தாயைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காதலனோடு உடன்போக்கில் போய்விட்ட மகளைத் தேடிப் போகிற செவிலித்தாய், அதாவது அவளை வளர்த்தவள், பேசுவது இது. குறுந்தொகை 44ஆம் பாட்டு, எழுதியவர் வெள்ளிவீதியார் என்ற பெண்:

காலே பரிதப்பினவே, கண்ணே
நோக்கி நோக்கி வாள் இழந்தனவே;
அகல் இரு விசும்பின் மீனினும்
பலரே மன்ற, இவ்வுலகத்துப் பிறரே.

நடந்து நடந்து கால் ஓய்ந்துவிட்டது, பார்த்துப் பார்த்துக் கண் மங்கிவிட்டது, வானத்து நட்சத்திரத்தைவிட அதிகம் பேர் இந்த உலகத்தில் இருக்கிறார்கள், எல்லாரும் வேறு யாரோ. கைக்குத் தடி எடுக்காமல், சாபம் விடாமல், கால் தேயத் தேடிக்கொண்டு போகிறாள். ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தத் தாயிடமிருந்து மாராயிக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

இதெல்லாம் கதைக்குச் சரி. இந்தக் காலத்துல யாருங்க சாதி பார்க்கறாங்க?

2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி ஒருவர் கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஓமலூர் இங்கிருந்து டவுன் பஸ் போகிற தூரம். வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

எங்க வீட்டுல சாவு விழுந்து ஆறு மாசம்தான் ஆகுது. இந்த மாதிரிப் புத்தகம் படிக்கலாமா?

எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இமையத்தின் 'செல்லாத பணம்' இப்போது வேண்டாம். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல், எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் வீட்டை மீறி ஆட்டோ ஓட்டுநரைக் கல்யாணம் செய்த ரேவதி தீக்காயத்தோடு கிடக்கிறாள், நாவலின் பெரும்பகுதி அந்த வார்டுக்கு வெளியேதான் நடக்கிறது. பணம் இருக்கிறது, அது எதற்கும் உதவவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சமீபத்தில் காத்திருந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் தாங்காது.

என் அப்பா போன பிறகு எட்டு மாசம் நான் புத்தகத்தைத் தொடவில்லை. முதலில் படித்தது பூமணியின் 'வெக்கை'. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு, பதினைந்து வயது சிதம்பரம் அப்பாவோடு காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறான். வெட்டுக் குத்துக் கதை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் தெரிந்தது அப்பாவும் மகனும்தான். கிடைத்ததைச் சமைத்து, பையனைச் சாப்பிட வைத்து, அவன் தூங்கும்போது விழித்திருக்கும் அப்பா. செத்துப்போன மூத்தவனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஆனால் அவன் கூடவே நடந்து வருகிறான். என் அப்பா தறியில் உட்கார்ந்தபடியே என் பள்ளிக்கூட டிபன் டப்பாவைத் திறந்து, மிச்சம் வைத்திருக்கிறேனா என்று பார்ப்பார். அந்த ஞாபகம் வந்து அழுதேன். நல்ல அழுகை.

அவசரம் இல்லை. முடியாவிட்டால் பாதியில் திருப்பிக் கொடுங்கள். ஏன் என்று நான் கேட்க மாட்டேன்.

சுதந்திரப் போராட்ட நாவல்னாலே சரித்திரப் பாடம் மாதிரி இருக்குமே?

சில நாவல்கள் அப்படித்தான், மறைக்க வேண்டியதில்லை. கல்கியின் 'அலை ஓசை'யை அந்தப் பயத்தில் ஒதுக்காதீர்கள். பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம் என்று நான்கு பாகம். பீகார் பூகம்பக் காலத்தில் தொடங்கி, பிரிவினைக் கலவரம் வழியாக காந்தி சுடப்பட்ட நாட்கள் வரை வருகிறது. நடுவில் சீதா என்ற பெண்ணின் பாழாய்ப்போன கல்யாணம். தேசத்துக்கு வருகிற விடுதலை அவளுக்கு மட்டும் வரவே இல்லை. இதை எழுதியவர் நம் மண்ணில் உப்புத் தின்றவர். சேலத்தில் வக்கீலாக இருந்து நகராட்சித் தலைவரும் ஆன ராஜாஜி, 1925இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கல்கி அங்கே தங்கி 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகையில் வேலை செய்தார்.

சி.சு. செல்லப்பாவின் 'சுதந்திர தாகம்' மூன்று தொகுதி. பரீட்சை லீவில் எடுங்கள். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' வேறு ரகம். ஜப்பான் படை சுமத்ராவுக்குள் நுழைவதில் தொடங்கி, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்களோடு போகிறது. மேடைப் பேச்சு கிடையாது. மதுரைத் தெருவும் மெடான் தெருவும் ஒரே மனதுக்குள் மாறி மாறி வருகின்றன. தமிழில் எழுதிய நாவல்களில் முதல் ஐந்தில் இதை வைப்பேன்.

மூணும் ஒண்ணா இருக்கிற மாதிரி ஒரே புத்தகம் சொல்லுங்களேன்.

'சின்ன விஷயங்களின் கடவுள்'. காதலைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். ஆற்றில் மூழ்கிய குழந்தையின் சாவும், அதைச் சுமந்து வளரும் இரட்டைப் பிள்ளைகளும் அதில் உண்டு. வெளுத்தா செங்கொடி பிடித்து ஊர்வலம் போகிறவன். கடைசியில் அவனைக் கட்சியும் காப்பாற்றுவதில்லை. காதலும் போராட்டமும் மட்டும் போதும், புத்தகமும் சின்னதாக இருக்கட்டும் என்றால் சிங்காரத்தின் முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்'. ராணுவத்தில் சேர்ந்து திரும்பிய செல்லையாவுக்கு மரகதத்தைக் கொடுக்க அவள் அப்பா மறுக்கிறார், அவ்வளவுதான் கதை.

1947லதான் சுதந்திரம் வந்தாச்சே. அப்புறம் என்னங்க விடுதலைப் போராட்டம்?

ஏற்காடு பஸ் அஸ்தம்பட்டி தாண்டும்போது மத்திய சிறையைக் கடந்துதான் போகும். குடியரசு பிறந்து மூன்று வாரம்கூட முடியாத 1950 பிப்ரவரி 11ஆம் தேதி அந்தச் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார்ப் பக்கத்தவர்கள். ஒவ்வொரு வருஷமும் பஸ்ஸில் அந்த மதிலைக் கடக்கும்போது கூட வருகிறவர்களுக்கு இதைச் சொல்வேன். எங்கள் ஊர்க்காரர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனதும் நாங்கள் படிப்பது கு. சின்னப்பபாரதியின் 'சங்கம்'. நாமக்கல் பக்கத்துப் பொன்னேரிப்பட்டிக்காரர். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடிகள் வட்டிக்காரர்களையும் அதிகாரிகளையும் எதிர்த்துச் சங்கம் வைப்பதுதான் நாவல். மலையாளி என்றால் இங்கே கேரளத்துக்காரர் இல்லை, மலையை ஆளுகிறவர். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையிலும் அதே மக்கள்தான். போன தடவை காபிப் பழம் பறிக்கிற ஒரு அம்மா, எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் வாசித்தார். விரல் நுனியெல்லாம் பழக் கறை. கடன் கணக்கு வருகிற இடத்தில் நிறுத்திவிட்டு, "இது எங்க தாத்தா சொன்னதுங்க" என்றார்.

இன்னொன்று ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி', 2004. வீரப்பன் தேடுதல் வேட்டையில் சத்தியமங்கலம் மலைப் பழங்குடிகள் பட்ட சித்திரவதை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இரண்டாம் பாதியைத் தனியாக ராத்திரியில் படிக்காதீர்கள்.

ஈழத்துப் புத்தகம் எங்கிருந்து ஆரம்பிக்கறது?

ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001). இயக்கத்தில் சேர்ந்த ஒரு பையனின் கதை, ஈழத்துப் பேச்சுமொழி பத்துப் பக்கத்தில் பழகிவிடும். பிறகு விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தமிழினி எழுதிய 'ஒரு கூர்வாளின் நிழலில்'. அது நாவல் இல்லை, தன் வரலாறு. அவர் இறந்த பிறகு 2016இல் வெளிவந்தது. இரண்டும் இயக்கத்தை உள்ளிருந்து கேள்வி கேட்கிற புத்தகங்கள் என்பதால் சிலருக்குப் பிடிக்காது. பிடிக்காதவர்களும் ஒரு தடவை படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

'மாதொருபாகன்' தடை பண்ணின புத்தகம்தானே? வீட்டுல வச்சிருந்தா வம்பு வருமா?

வராது, தடையும் இல்லை. குழந்தையில்லாத காளி, பொன்னா தம்பதியின் கதை. திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் ஓர் இரவை வைத்து எழுதியது, 2010இல் வந்தது. நான்கு வருஷம் கழித்து எதிர்ப்பு கிளம்பியது. அதிகாரிகள் முன்னிலையில் ஆசிரியரிடம் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். 2015 ஜனவரியில் அவர், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அறிவித்துவிட்டு எழுதுவதை நிறுத்தினார். 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது, அவர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்று தீர்ப்பளித்தது.

இதன் தொடர்ச்சியாக இரண்டு நாவல் உண்டு. 'ஆலவாயன்' காளி இறந்துவிட்டதாக வைத்துப் போகிறது, 'அர்த்தநாரி' உயிரோடு இருப்பதாக வைத்துப் போகிறது. முதல் நாவலைப் படித்த பிறகு எதை வேண்டுமானாலும் முதலில் எடுக்கலாம். துக்க வீட்டில் பெண்கள் ஒருத்தியை எப்படித் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்பதற்காக எனக்கு 'ஆலவாயன்' ஒரு படி மேல்.

ஏம்மா, என் பொண்ணு இதையெல்லாம் படிச்சிட்டு யாரோடயாவது போயிட்டான்னா?

கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன் இதே வாசலில் நின்று கேட்டார். மகள் பி.எஸ்சி. படிக்கிறாள், வாரம் ஒரு புத்தகம் எடுத்துப் போகிறாள். நான் சொன்னது இதுதான்: அண்ணா, காதல் வருவதற்குப் புத்தகம் தேவைப்படுவதில்லை. இந்தப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் பிள்ளைகள் வீட்டில் சொல்லப் பயந்த இடத்தில்தான் நாசம் தொடங்குகிறது. உங்கள் மகள் உங்களிடம் சொல்கிற மாதிரி வீடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அவர் பதில் சொல்லவில்லை. 'பெத்தவ'னை எடுத்து நீட்டினேன், நீங்கள் படியுங்கள் என்றேன். லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் போனார்.

நாங்களே வீட்டை மீறிக் கல்யாணம் பண்ணிக்கப் போறோம்க்கா. எங்களுக்கு எந்தப் புத்தகம்?

இப்போது எந்தப் புத்தகமும் வேண்டாம். பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 நிறைந்திருந்தால் சட்டப்படி யாரும் தடுக்க முடியாது. மதம் வேறாக இருந்தால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதியலாம், ஆனால் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, அந்த நாட்களில் எங்கே தங்குவது என்று முதலிலேயே யோசியுங்கள். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட தம்பதிக்குப் பாதுகாப்புக் கொடுக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. காவல் கண்காணிப்பாளருக்கோ ஆணையருக்கோ எழுத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். நம்பிக்கையான வக்கீல் ஒருவர் கூட இருக்கட்டும். குமரேசனைப் போல எல்லாம் தானாகச் சரியாகும் என்று ஊருக்குள் நேராகப் போய் இறங்காதீர்கள்.

எத்தனை நாள்ல திருப்பித் தரணும்?

பதினைந்து நாள். யாரும் கேட்டு வைக்காத புத்தகம் என்றால் இன்னும் பதினைந்து. 'பெத்தவன்' மட்டும் இப்போது அலமாரியில் இல்லை. பட்டறை அண்ணன் கொண்டு போய் இரண்டு மாசம் ஆகிறது, போன வாரம் வழியில் பார்த்தபோது வீட்டுக்காரம்மா படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வேண்டுமென்றால் பெயர் எழுதி வையுங்கள், வந்ததும் சொல்கிறேன்.